ரெண்டாவது ஞாயிறு மேட்னி: பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சினிமா கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு படத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி "யார் நடிச்சது?" என்பதல்ல. "எத்தினி மணிக்கு வுடுவாங்க?" என்பதுதான். படம் விடும் நேரத்துக்கும் ஊருக்கு வரும் கடைசி பஸ்ஸுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் ஹீரோ, டைரக்டர், ரிவ்யூ எல்லாம்.

நான் வேலை பார்ப்பது சென்னையில், டிஜிட்டல் டெஸ்க்கில். புதுப்படம் வரும் நாளில் எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலை 9 மணிக்கு முதல் காட்சி தொடங்கும். இன்டர்வெல்லிலேயே கருத்துகள் வந்து விழும். மதியச் சாப்பாட்டுக்குள் படம் ஹிட்டா, ஃப்ளாப்பா என்பது முடிவாகிவிடும். வார விடுப்புக்கு பாகூர்ப் பக்கம் இருக்கும் என் ஊருக்கு வந்து இறங்கினால், அந்தப் படம் வந்திருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "நல்லாருக்குன்னு யாராச்சும் சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள்.

நான் விமர்சகர் கிடையாது. கேமரா கோணம், கலர் டோன் பற்றியெல்லாம் பேசத் தெரியாது. கடந்த இரண்டு வருடங்களில் அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி பிள்ளைகள் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த படங்களைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் கூலி, ஒரு மேட்னி

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு பீச்சும் பிரெஞ்சுத் தெருவும்தான் ஞாபகம் வரும். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் சேர்ந்ததுதான் புதுச்சேரி. எங்கள் பாகூர்ப் பக்கம் ஏரியும் நெல்லும். டவுனுக்குப் போக சுமார் 20 கிலோமீட்டர். கடலூர் அதைவிடக் கிட்ட. அதனால் சினிமா என்றால் எங்களுக்கு இரண்டு திசை உண்டு. வடக்கே போனால் புதுச்சேரி, தெற்கே எல்லை தாண்டினால் கடலூர். பெரியவர்கள் இன்னும் ரத்னா, ராமன், அனந்தா, கடலூரில் கிருஷ்ணாலயா என்று கொட்டாய் பெயரைச் சொல்லித்தான் படங்களை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என் வயதுப் பிள்ளைகளுக்கு பிராவிடன்ஸ் மாலில் இருக்கும் பி.வி.ஆர். வில்லியனூரில் இருக்கும் என் தோழிக்கு டவுன் 10 கிலோமீட்டர்தான் என்றாலும், ராத்திரி ஷோ என்றால் அவள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

காலைக் காட்சிக்குப் போக முடியாது, சமையல் இருக்கும். மாலைக் காட்சி என்றால் திரும்பி வர பஸ் சந்தேகம். இரவுக் காட்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பைக் வைத்திருக்கும் அண்ணன்களுக்கு எல்லாக் காட்சியும் உண்டு. பெண்களுக்கு மிஞ்சுவது இரண்டரை மணி மேட்னி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

காசுக் கணக்கும் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு புதுச்சேரியில் 2025-26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். இரண்டு பேருக்கு டிக்கெட்டும் பஸ்ஸும் என்றால் அந்த ஒரு நாள் கூலி போய்விடும். இன்டர்வெல்லில் பிள்ளை பாப்கார்னைப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் கூலியும் சேர்ந்து போகும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி-யை 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நல்ல விஷயம்தான். 100 ரூபாய்க்கு மேல் போனால் அதே 18 சதவிகிதம்தான்.

இவ்வளவு கணக்குப் போட்டுப் போகிறவர்கள் சும்மா போய் உட்கார மாட்டார்கள். அவர்களுக்குப் படம் பிடித்தால் ஊரே போகும். பிடிக்காவிட்டால் கூட்டிப் போனவள் பாடு திண்டாட்டம்.

அத்தை கைதட்டிய 'லப்பர் பந்து'

2024 செப்டம்பர் 20 அன்று வந்தது தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'. முதல் நாள் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் ஞாயிறானால் அறுவடை முடிந்த வயலில் ஸ்டம்ப் நட்டு ஆடுகிறவர்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, நம்ம கதை" என்றார்கள். மூன்றாவது வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அத்தைக்கு கிரிக்கெட்டில் அவுட் என்றால் என்ன என்பதே தெரியாது. ஆனால் கெத்துவின் மனைவியாக வரும் ஸ்வாசிகா, டிராக்டரை ஓட்டிவந்து பிட்ச்சையே உழுதுபோடும் காட்சியில் அத்தை கைதட்டிவிட்டார். என் மாமாவும் ஒரு காலத்தில் டோர்னமென்ட் டோர்னமென்ட்டாகச் சுற்றியவர். நாற்பது வயது தாண்டியும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கும் 'அட்டகத்தி' தினேஷைப் பார்த்தபோது அத்தைக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. டீமில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் சாதி எப்படி நைசாக உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தப் படம் கத்தாமல் சொன்னது. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருப்பதைக் காட்டியது. நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்கும் டீமில் இடம் கொடுத்தது. குறை என்று சொன்னால், கடைசி மேட்ச் கொஞ்சம் நீளம். அத்தை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் ஓடட்டுமே" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் படம் ஓ.டி.டி-க்கு வந்தது அக்டோபர் 31 அன்று. கிட்டத்தட்ட ஆறு வாரம். அதனால்தான் மூன்றாவது வாரம் நாங்கள் போனபோதும் மேட்னி இருந்தது, கூட்டமும் இருந்தது.

பெரியம்மா பேசாமல் வந்த 'வாழை'

அதே ஆகஸ்ட்டில், 23ஆம் தேதி மாரி செல்வராஜின் 'வாழை' வந்திருந்தது. தன் சிறுவயதில் நடந்ததை வைத்து அவர் எடுத்த படம். லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையன், அவன் அக்கா, அவனுக்குப் பிடித்த டீச்சர் என்று முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. அந்த டீச்சர் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டன. பெரியம்மா மட்டும் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பையனின் கழுத்தையும் தோளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். காலையில் குட்டியானை வண்டி வரும். இருபது பேர் நின்றுகொண்டே போவார்கள். படத்தில் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களும் ஏறி உட்காரும் காட்சி வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்தார். படம் முடிகிறவரை விடவில்லை. என்ன நடக்கப்போகிறது என்பது எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது வெகுநேரம் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது, "நாங்களும் டெய்லி அப்படித்தான பாப்பா போறோம்" என்றார். அடுத்த வாரம் அவர் அந்த வண்டிக்காரரிடம் "ஆளக் கொறச்சு ரெண்டு நடையா கூட்டிக்கினு போ" என்று கேட்டிருக்கிறார். அவர் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு மழை நாளில் மட்டும் இரண்டு நடை வருவதாக ஒத்துக்கொண்டாராம். ஒரு படம் சமூகத்தை மாற்றுமா என்று எங்கள் டெஸ்க்கில் அடிக்கடி விவாதம் நடக்கும். நான் பார்த்தது இவ்வளவுதான்.

'வாழை' ஓ.டி.டி-க்கு வந்தது அக்டோபர் 11. ஏழு வாரம். அதனால் பெரியம்மா கூட வேலைக்குப் போகும் இன்னும் சிலரும் தியேட்டரிலேயே பார்த்தார்கள்.

கைக்கு வராமல் போன 'கொட்டுக்காளி'

'வாழை' வந்த அதே நாளில்தான் பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் வந்தது. பெர்லின் திரைப்பட விழாவரை போன படம். ஆனால் எங்கள் பக்கம் எனக்கு ஒத்துவரும் நேரத்தில் ஒரு காட்சிகூட அமையவில்லை. பிறகு போனில்தான் பார்த்தேன்.

அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், கட்டிவைத்த சேவலின் சத்தம், நடுவில் ஆண்கள் போடும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் மௌனம். அன்னா பென் பேசுவது மிகக் குறைவு. அவள் பேசாமல் இருப்பதுதான் கதை. எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும், பக்கத்து வீட்டு டி.வி ஓடும், வாட்ஸ்அப் டிங் டிங் என்று அடிக்கும். அதற்கு நடுவில் ஒரு மௌனத்தை எப்படிக் கேட்பது? பிரம்மாண்டமான படத்துக்குத்தான் தியேட்டர் வேண்டும், சின்னப் படத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. குண்டு வெடிக்கும் படத்தை எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பார்த்துவிடலாம். சத்தம் போடாத படத்துக்குத்தான் கதவைச் சாத்திய இருட்டு அறை வேண்டும்.

'மெய்யழகன்': காணாமல் போன 18 நிமிடம்

2024 செப்டம்பர் 27 அன்று வந்த சி.பிரேம்குமாரின் 'மெய்யழகன்' எனக்கு ரொம்பப் பிடித்த படம். பல வருடம் கழித்துச் சொந்த ஊருக்குக் கல்யாணத்துக்கு வரும் அரவிந்த்சாமி, அவரை "அத்தான்" என்று கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றி வரும் கார்த்தி, யார் இவன் என்பதே ஞாபகம் வராமல் தவிக்கும் ஒரு ராத்திரி. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இப்படி ஒரு உறவுக்காரர் கட்டாயம் இருப்பார். "என்னத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்.

படம் வந்த சில நாளிலேயே, நீளமாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. உடனே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நாங்கள் போனது ரெண்டாவது ஞாயிறு. முதல் நாள் பார்த்த ஆபீஸ் தோழி ஒரு காட்சியைச் சொல்லி "அங்க அழுதுட்டேன்டி" என்றாள். அம்மாவுக்கும் எனக்கும் அந்தக் காட்சியே இல்லை.

வெட்டியது டைரக்டரின் முடிவு. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீளம் என்று சொன்னவர்கள் முதல் வாரத்துக்காரர்கள். குறைந்த படத்தைப் பார்த்தவர்கள் ரெண்டாவது வாரத்துக்காரர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா, "பேசிக்கினே இருக்கட்டுமே, நமக்கு என்ன அவசரம்?" என்றுதான் சொல்லியிருப்பார். வருடத்துக்கு இரண்டு மூன்று படம் பார்க்கிறவருக்கு மூன்று மணி நேரம் ஒரு பாரமே இல்லை.

முதல் நாள் பேச்சு படங்களைக் கொல்கிறது என்று தயாரிப்பாளர்களும் புலம்புகிறார்கள். 2024 நவம்பரில் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களைக் குறிப்பிட்டு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் கருத்துக் கேட்க அனுமதிக்க வேண்டாம் என்று அறிக்கையே விட்டார்கள். காசு கொடுத்துப் பார்த்தவர் வாயை மூடச் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை. பேசட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியத்தோடு பேச்சு முடிந்துவிட வேண்டுமா? பத்து நாள் கழித்துப் பார்க்கிற அத்தைக்கும் ஒரு மைக் நீட்டலாமே.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

எங்கள் வீட்டின் இரண்டாவது கேள்வி இது. 2023இல் 'ஜெயிலர்' யு/ஏ சான்றிதழோடு வந்தது. குடும்பத்தோடு போனோம். தலை வெட்டும் காட்சியில் சித்தி மகனின் கண்ணைப் பொத்தினேன். அவன் விரல் இடுக்கில் பார்த்தான். 2025 ஆகஸ்ட் 14 அன்று 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தது. தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம்வரை போயும் அது மாறவில்லை. ரஜினி படம் என்றால் குடும்பப் படம் என்று நம்பி, சான்றிதழைப் பார்க்காமல் பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே திரும்பிப் போனதைப் பார்த்தேன். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்.

2024 முதல் யு/ஏ-வையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். போஸ்டரில் பொடி எழுத்தில் இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பஸ் ஏறும் முன் போனில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

'மகாராஜா'வுக்கு நான் யாரையும் கூட்டிப் போகவில்லை. 2024இல் வந்ததிலேயே திரைக்கதையில் என்னை அசத்திய படம் அதுதான். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் விஜய் சேதுபதியைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான் கடைசியில் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு பெண் குழந்தைக்கு நேரும் கொடுமையைச் சுற்றிய கதையை, சித்தி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் பார்த்திருக்க முடியாது.

யோசிக்காமல் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது 2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குத்தான். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கும் நால்வர் குடும்பம். சசிகுமார், சிம்ரன் இருவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரியே இருந்தார்கள். சென்னையில் ஒரே தெருவில் எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாக மாறுவது நம்பும்படியாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே வருடக்கணக்காக வாழ்பவர்களின் நிஜம் இதைவிடச் சிக்கலானது. இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்டி மாறுனா நல்லாருக்கும்ல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாலு வாரம் பொறுத்தால் போதுமா?

"நாலு வாரம் பொறு, போன்லயே வந்துடும். எதுக்குக் காசு?" என்பார் அப்பா. தப்பில்லை. 'மகாராஜா' 2024 ஜூன் 14 தியேட்டர், ஜூலை 12 நெட்ஃபிளிக்ஸ். 'மெய்யழகன்' செப்டம்பர் 27, அக்டோபர் 25. இரண்டுக்கும் சரியாக 28 நாள். இந்த இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்று தியேட்டர் உரிமையாளர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வியாபாரக் கவலை. என் கவலை வேறு.

எங்கள் ஊரில் ஒரு படத்தின் வயது இப்படிப் போகிறது. முதல் வாரம் டவுன் பார்க்கும். ரெண்டாவது வாரம் எங்களுக்குச் சேதி வரும். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு ஒழியும். அதற்குள் படம் தியேட்டரில் ஒரே ஒரு காட்சிக்கு, பெரும்பாலும் இரவுக் காட்சிக்குப் போயிருக்கும். நான்காவது வாரம் போனில் வந்துவிடும்.

போனில் வந்த படத்தை அம்மா எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? குக்கர் மூன்று விசில் வரும்வரை ஒரு துண்டு. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து ஒரு துண்டு. அப்பா வந்தால் காபி. மறுநாள் மீதி. வீட்டில் அம்மா ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. தியேட்டரில் மட்டும்தான் இரண்டரை மணி நேரம் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. யாருக்கும் தண்ணீர் எடுத்துத் தர வேண்டாம். 'அமரன்' படத்தில் சாய் பல்லவி அழாமல் நிற்கும் காட்சியில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். வீட்டில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

தியேட்டர்க்காரர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. புதுப்படத்துக்கு எல்லாக் காட்சியும் கொடுங்கள். ஆனால் போன வாரம் வந்து நல்ல பெயர் வாங்கிய சின்னப் படத்துக்கு, ரெண்டாவது ஞாயிறு மேட்னியை மட்டும் விட்டுவையுங்கள். 'லப்பர் பந்து'வும் 'வாழை'யும் தாமதமாக வருகிற கூட்டமும் உண்டு என்று காட்டியிருக்கின்றன.

உங்களிடமும் ஒன்று. பிடித்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்தாதீர்கள். தியேட்டர் பக்கமே போகாத ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ கட்டாயம் இருப்பார். அடுத்த ஞாயிறு அவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுங்கள். படம் முடிந்து வரும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அந்த ரிவ்யூ எந்த யூடியூப்பிலும் கிடைக்காது.